மூடியில் எழுதிய நம்பர்

மயில்சாமியிடம் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று தொடுதிரை போன். ஊர்ச் செய்தி, மழை எப்போது வரும் என்கிற ஆரூடம், சம்பந்தி வீட்டுக் காதுகுத்துப் படம் எல்லாம் அதில்தான் வரும். இன்னொன்று பழைய பட்டன் போன். அதில் எதுவும் வராது, யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் வீட்டில் மரியாதை முழுக்க அந்தப் பட்டன் போனுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துத் திருநீறு பூசிய கையோடு அதைச் சார்ஜிலிருந்து எடுப்பார். தொடுதிரை போனில் ‘பழைய நம்பர்’ என்று பதிந்து வைத்திருந்த பெயரைத் தட்டுவார். பட்டன் போன் நடுநடுங்கி மணியடிக்கும். பச்சைப் பட்டனை அமுக்கி அதை வாய்க்கு நேரே பிடித்து "அலோ" என்பார். உடனே தொடுதிரை போனை இடது காதில் வைத்துத் தன் குரலைத் தானே கேட்டுக்கொள்வார். இருபத்தாறு வருஷம் போர் போடும் ரிக் லாரியில், கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்றதில் வலது காது பாதி போய்விட்டது. இடது காதுக்குக் குரல் கேட்டதும் ஒரு தலையாட்டல். பட்டன் போன் சட்டைப் பைக்குள் போய்விடும், அவரும் வேலைக்குப் போய்விடுவார்.

"மாசமானாத் தவறாமத் தீனி திங்குது. ஒரு நாளாச்சும் கொரைச்சிருக்குதா?" என்பார் மனைவி சென்னியம்மாள். மாதாமாதம் போடும் ரீசார்ஜைத்தான் தீனி என்பது. அந்தக் கேள்விக்கு மட்டும் மயில்சாமிக்கு இரண்டு காதும் கேட்காது.

விஷயம் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன், ஒரு வைகாசி வெயிலில், ஆத்தூருக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஆராயி என்கிற பெண்மணியின் காட்டில் போர் போடப் போனார்கள். ஆராயியும் அவள் புருஷன் தீர்த்தகிரியும் கறவை மாடு இரண்டையும் விற்று அந்த வேலைக்கு இறங்கியிருந்தார்கள். மயில்சாமிதான் டிரில்லர். அறுநூறு அடி போயும் வெறும் புழுதி. தீர்த்தகிரி, "போதுங்க, நிறுத்திடுங்க" என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மயில்சாமி துளையிலிருந்து வெளியே வந்த பாறைத் தூளை விரலிடையில் தேய்த்துப் பார்த்தார். சில்லென்று ஒரு ஈரம் தட்டினாற்போல இருந்தது.

"இன்னொரு நூறடி போனாக் கெடைச்சுருமுங்க. நான் சொல்றேனுங்க" என்றார்.

அந்த ‘நான் சொல்றேன்’தான் அவரை இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. நூறடி இருநூறாகி, இருநூறு இருநூற்றைம்பதாகி, எண்ணூற்றைம்பதாவது அடியிலும் வெள்ளைப் புகைதான் பறந்தது. தீர்த்தகிரி வரப்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வந்தால் அந்தத் தண்ணீரிலேயே தலை நனைத்து, தோட்டத்துக்காரர் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். புகை பறந்தால் பச்சைத் தண்ணீர்கூடக் கேட்கக் கூடாது. சாமான்களை ஏற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும். அப்படித்தான் கிளம்பினார்கள். ஆராயி லாரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"தண்ணி வரலன்னா ஒங்களுக்கு வயிறு பசிக்காதா? எறங்குங்க. களி கிண்டி வச்சிருக்கேன்."

ஏழு பேரும் தலையைத் தூக்காமல் களியும் கீரையும் தின்றார்கள். திட்டியிருந்தால் மயில்சாமி வாங்கிக்கொண்டு போயிருப்பார். சோறு போட்டுவிட்டாளே. கை கழுவியதும் லாரியிலிருந்து வெள்ளைப் பெயிண்டை எடுத்து வந்து, போர்க்குழியை மூடியிருந்த இரும்பு மூடியின் மேல் ஒரு நம்பரை எழுதினார். கம்பெனி நம்பர் இல்லை, தன் சொந்த நம்பர்.

"ஏனுங் தாயி, மழை நல்லாப் பேஞ்சா காஞ்ச போர்லயும் ஊத்து எறங்கறது உண்டுங்க. ஒரு வருசமாகும், பத்து வருசமும் ஆகும். உள்ள ஈரம் தெரிஞ்சுதுன்னா இந்த நம்பருக்கு ஒரு போன் அடிங்க. நானே வந்து கம்ப்ரசர்ல காத்து உட்டு, போரைக் களுவித் தண்ணியெடுத்துக் குடுக்கறேன். இந்த நம்பர மட்டும் மாத்த மாட்டனுங்க."

அதற்கப்புறம் எத்தனையோ மாறிவிட்டது. முதுகு வலி வந்து ரிக்கை விட்டு இறங்கினார். திருச்செங்கோட்டில் அதே ரிக் முதலாளி ஜெகதீஸ்வரனின் பட்டறையிலேயே, சங்ககிரி ரோட்டில், சாமான் அறைப் பொறுப்புக்கு வந்து சேர்ந்தார். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் எங்கே சலுகை கிடைக்கிறதோ அங்கே தாவித் தாவி நான்கைந்து நம்பர் மாற்றினார்கள். மயில்சாமி மாற்றவில்லை. தொடுதிரை போன் வாங்கியபோதுகூட அதற்கு வேறு நம்பர் வாங்கினார். பழைய நம்பரைப் பட்டன் போனிலேயே வைத்தார், மற்ற அழைப்புகளின் சந்தடியில் ஆராயியின் அழைப்பு தவறிப்போகக் கூடாது என்று. ரீசார்ஜ் போடாமல் தொண்ணூறு நாள் சும்மா கிடந்தால் நம்பரைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று கடைக்காரர் ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்துதான் இந்த வெள்ளிக்கிழமைப் பூசை.

நேரில் ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆத்தூர் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? சேலத்தில் ஒரு பஸ் மாறினால் போதும். தோற்ற இடத்துக்குக் கூப்பிடாமல் போகக் கூடாது என்பது ரிக்காரர்கள் பேச்சு என்பார் மயில்சாமி. அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், அந்த வரப்பையும் அந்தத் துண்டையும் மறுபடி பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. நம்பர் உயிரோடு இருக்கிறது, கூப்பிட்டால் போகலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு ஏழு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

இடையில் ஒரே ஒரு தடவைதான் அந்த போனை அவர் பிரிந்திருந்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சத்தீஸ்கரில் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் டிரில்லருக்கு மஞ்சள் காமாலை. ஜெகதீஸ்வரன் வீடு தேடி வந்து கெஞ்சினார். தை மாதம் போனவர் ஆடியில்தான் திரும்பினார். அந்தக் காட்டில் சிக்னல் கிடைக்காது என்று பட்டன் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். மகள் சத்யபிரியா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த சமயம் அது. "நான் பாத்துக்கறேனுங்கப்பா, நீங்க கவலையில்லாமப் போயிட்டு வாங்க" என்று அவள்தான் பொறுப்பெடுத்தாள். திரும்பி வந்தபோது வீட்டில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சத்யபிரியா, "இனிமே ரீசார்ஜுக்குக் கடைக்கு அலையாதீங்கப்பா. நானே என்ற போன்ல இருந்து போட்டு உட்டர்றேன்" என்றாள். மகளுக்கு இருக்கும் அக்கறையை நினைத்து மயில்சாமி பூரித்துப்போனார்.

இந்தத் தை மாதம், பொங்கல் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு வந்திருந்த சத்யபிரியாவின் பையன், தாத்தாவின் தொடுதிரை போனைத் தூக்கி வாளித் தண்ணீரில் போட்டு, அது முழுகுவதைப் பார்த்துக் கைதட்டினான். போனைத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்கள். அதனால் அன்றைக்குப் பூசை நடக்கவில்லை. பட்டறைக்கு வந்த பிறகும் மயில்சாமிக்கு எதையோ மறந்துவிட்ட மாதிரியே இருந்தது. பத்து மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் முதலாளியிடம் போனார்.

"மொதலாளி, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. ஒரே ஒரு கால்."

பத்து எண்களையும் மனப்பாடமாகத் தட்டி இடது காதில் வைத்தார். மணி போனது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பட்டன் போன் அசையவில்லை. வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, கையில் போன் சும்மா கிடக்கிறது. அப்போது ஒரு பெண் எடுத்தாள்.

"அலோ, ஆருங்க?"

"ஏனுங்... இது... இது என்ற நம்பருங்களே!"

"உங்க நம்பருங்களா?" என்றாள் அந்தப் பெண். "அண்ணா, நீங்க போர்க்கார மயில்சாமியண்ணனா?"

மயில்சாமி பக்கத்தில் கிடந்த லாரி டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஸ்ரீதேவி பேசறனுங்ணா, பரமத்தி வேலூர்ல இருந்து. வெத்தலக் கொடிக்கால்ல வேலைங்க. போன பங்குனியில புது சிம் வாங்குனேன், இந்த நம்பர்தான் குடுத்தாங்க. கார்த்திகைல மழை வந்து உட்டதும் ஆத்தூர்ல இருந்து ஒரு அக்கா கூப்புட ஆரம்பிச்சுட்டாங்க. மயில்சாமி இருக்காராம்மான்னு கேப்பாங்க. ராங் நம்பர்னு நானும் சொல்லித்தான் பாத்தேன். அவுங்க உடற மாதிரி இல்லீங்ணா. நான் உங்க புள்ளைன்னு நெனச்சுட்டு, அப்பா வெளியூர் போயிருக்காரா, வந்தாச் சொல்லு சாமின்னு வெச்சுடுவாங்க. எங்கப்பா சைக்கிள் கடை வெச்சிருக்காருங்கக்கான்னு வெவரமாச் சொன்ன பின்னாலதான் நம்புனாங்க. இப்ப வாரத்துக்கு ஒருக்கா எங்கிட்டச் சும்மாவே பேசுவாங்க."

"என்ன... என்ன சொல்லச் சொன்னாங்க?"

"என்னைக்காச்சும் நீங்க இந்த நம்பருக்கு அடிப்பீங்க, அடிச்சா ஒன்னே ஒன்னு சொல்லுன்னாங்க. கயிறு நனைஞ்சு வந்துச்சுன்னு சொல்லணுமாம். அது போதும், அவருக்குப் புரியும்னாங்க."

மயில்சாமிக்குப் புரிந்தது. ஆராயி மூடியைத் திறந்து, கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்திருக்கிறாள். அடிக் கயிறு ஈரமாக வந்திருக்கிறது. அவர் எதற்காக ஏழு வருஷம் காத்திருந்தாரோ அந்த அழைப்பு வந்து, கார்த்திகையும் மார்கழியும் கடந்து இன்னொருவர் வீட்டில் காத்துக் கிடந்திருக்கிறது. சந்தோஷமா அவமானமா என்று தெரியாமல் கண் கலங்கியது.

"அவுங்க நம்பர் சொல்லட்டுங்களாண்ணா? எழுதிக்கறீங்களா?"

"வேண்டாஞ் சாமி. எந்த மூஞ்சிய வெச்சுட்டு போன்ல பேசறது? நீயே ஒரு வார்த்தை சொல்லிப்போடு. ஞாயித்துக்கெழமை காலைல மயில்சாமி வண்டியோட வாரான்னு சொல்லு."

சொல்லி வைத்த பிறகுதான் வண்டிக்கு எங்கே போவது என்ற யோசனை வந்தது. எதிரே ஜெகதீஸ்வரன் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், பழுது பார்த்துப் புதுப் பெயிண்ட் அடித்து, ஓட்டிப் பார்க்கத் தயாராக ஒரு ரிக் நின்றது. மயில்சாமி எழுந்து விஷயத்தைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதலாளியிடம் அவர் கேட்கும் முதல் உதவி அது.

"வண்டிய ஓட்டிப் பாக்கறதுக்கு ஆத்தூர் போகோணுமாய்யா? பட்டறைக்குப் பின்னாடி உட்டுப் பாத்தாப் பத்தாதா?" என்று ஜெகதீஸ்வரன் முகத்தைச் சுளித்தார்.

"டீசல் என்ற பொறுப்புங்க மொதலாளி."

"பெரிய டீசலு! அந்தப் போரு போட்டது என்ற வண்டிதான? அந்தம்மா சோறு போட்டது என்ற ஆளுகளுக்குத்தான? எடுத்துட்டுப் போ. பெயிண்ட்டுல ஒரு கீறல் உளுந்துதுன்னா மட்டும் உன்ன உட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த மயில்சாமி சோற்றுத் தட்டின் முன் உட்காரவில்லை. பட்டன் போனை மேசைமேல் வைத்தார்.

"இது ஆரோட நம்பரு?"

சத்யபிரியா பையனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். சென்னியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். "நாந்தானுங்க சொல்ல வேண்டாம்னேன். புள்ளைய ஒன்னும் சொல்லாதீங்க."

"இல்லீங்கப்பா, தப்பு என்றதுதான்" என்றாள் சத்யபிரியா. "கொழந்தை எடை இல்லைன்னு கண்ணாடிப் பொட்டில வெச்சிருந்தாங்க இல்ல, அந்த மாசமெல்லாம் ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தோம். உங்க போனு நெனப்பே எனக்கு வல்லீங்கப்பா. நெனப்பு வந்து கடைக்கு ஓடுனா, நம்பர் போயிருச்சு, இனி ஒன்னும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. நீங்க வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம, புது சிம் ஒன்னு வாங்கி அதுல போட்டு, உங்க போன்ல பழைய நம்பர்ங்கற பேருக்கு இந்த நம்பர மாத்தி வெச்சுட்டேன். நான் இங்க இருக்கற வெள்ளிக்கெழமையெல்லாம் நீங்க அலோ சொல்லும்போது அடுப்படிக்குள்ள போயி நின்னுக்குவேனுங்கப்பா."

மயில்சாமி அவளை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "நான் ஒருத்தருக்குக் குடுத்த வார்த்தைடா அது" என்று மட்டும் சொன்னார். ஒன்றரை வருஷமாக வேறு யாருடைய நம்பருக்கோ திருநீறு பூசிய கையோடு பூசை செய்திருக்கிறார். கோபம் மகள்மேல் பாதி என்றால் தன்மேல் பாதி. நேரில் போயிருந்தால் இந்த போனே தேவைப்பட்டிருக்காதே என்று இப்போதுதான் உறைத்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. ஸ்ரீதேவி சொன்னதையும் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தையும் மனைவியிடம் மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ரிக் லாரியின் முன்பக்கக் கதவைத் திறந்தால், உள்ளே சத்யபிரியா உட்கார்ந்திருந்தாள்.

"கொழந்தைய அம்மாகிட்ட உட்டுட்டேன். அந்தக்காகிட்ட நாந்தானுங்கப்பா சொல்லோணும்."

மயில்சாமி ஏறி உட்கார்ந்தார். சேலம் தாண்டி வாழப்பாடி வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. வாழப்பாடியில் டீ வாங்கும்போது மட்டும், "சக்கரை கம்மியாப் போடச் சொல்லட்டுமா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

காட்டில் ஆராயி காத்திருந்தாள். தலை நரைத்திருந்தது. அதே வரப்பில் தீர்த்தகிரி உட்கார்ந்திருந்தார். போர் பொய்த்த வருஷமே திருப்பூருக்கு மில் வாட்ச்மேன் வேலைக்குப் போனவர், ஸ்ரீதேவி சொன்ன சேதி கேட்டு முந்தின நாள்தான் பஸ் ஏறி வந்திருந்தார். நம்பிக்கையில்லாத முகம். தோளில் துண்டு.

"வந்துட்டீங்களா" என்றாள் ஆராயி, அவர் ஏதோ தெருமுனை வரை போய்விட்டு வந்த மாதிரி.

மயில்சாமி கும்பிட்ட கையை இறக்காமல் மூடியைப் பார்த்தார். ஏழு வருஷ வெயிலிலும் மழையிலும் நம்பர் அழிந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். அது பளிச்சென்று நீலத்தில் இருந்தது, ஒவ்வொரு எண்ணுக்கும் சிவப்பில் ஒரு ஓரம் வேறு.

"மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடிக்கற பெயிண்டுதாங்க" என்றாள் ஆராயி. "கொம்புக்கு அடிச்சிட்டு மிச்சத்துல இதுக்கும் ஒரு பூச்சு பூசிடுவேன். மாடில்லாத வருசத்துலயும் பக்கத்து வூட்ல கேட்டு வாங்கிப் பூசினேன். அழிஞ்சிட்டா அப்பறம் எங்க போயி ஒங்களத் தேடறது?"

மயில்சாமி வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார்.

கயிறு நனைந்தால் மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரியும். மழையில் கசிந்த நீர் பள்ளத்தில் தேங்கியிருக்கும், காற்றடித்தால் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஊற்று இருந்தால்தான் போர். இருபதடி நீளக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி உள்ளே இறக்கினார்கள். பதினைந்தாவது குழாயில் சேறும் தண்ணீருமாகச் சீறியது. ஆராயி கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த சில நிமிஷத்தில் அது சாரலாகி நின்றுபோயிற்று. கம்ப்ரசர் வெறுங்காற்றை ஊதியது. தீர்த்தகிரி வரப்பில் துண்டை எடுத்து முகத்துக்கு நேரே கொண்டுபோனார்.

இருபது, இருபத்தைந்து. ஒன்றும் இல்லை. முப்பதாவது குழாய் அறுநூறு அடி, அன்றைக்குத் தீர்த்தகிரி நிறுத்தச் சொன்ன ஆழம். வெறும் சேறு. வண்டி ஆட்கள் மயில்சாமியைப் பார்த்தார்கள். அவர் இந்தத் தடவை ‘நான் சொல்றேன்’ என்று சொல்லவில்லை. ஆராயியைத் திரும்பிப் பார்த்தார்.

"மீதியும் நீங்க போட்ட குழிதானே? அடி வரைக்கும் போங்க" என்றாள் ஆராயி.

முப்பத்தைந்து. நாற்பது. நாற்பத்தொன்றாவது குழாய் இறங்கியபோது வண்டி ஒருமுறை உறுமித் திணறியது. அடைத்துக்கிடந்த ஏதோ ஒன்று உள்ளே விட்டுக்கொடுத்தது. முதலில் கருஞ்சேறு, அப்புறம் பழுப்பு, அப்புறம் பால் நிறம். பிறகு தண்ணீர் பனை உயரத்துக்கு எழுந்து, புதுப் பெயிண்ட் அடித்த லாரியின் மேலும் அவர்கள் எல்லோர் தலையிலும் கொட்டியது. மயில்சாமி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. குறையவில்லை.

"ரெண்டு இஞ்சு தண்ணி தாராளமா நிக்குமுங்க!" என்று கத்தினார். எண்ணூறு அடிக்குக் கீழே, அவர் வாய்தவறிச் சொல்லித் தோண்ட வைத்த அந்த இருநூற்றைம்பது அடிக்குள்தான் ஊற்று இருந்திருக்கிறது. கொட்டும் தண்ணீரில் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். தண்ணீரில் யாருக்கும் தெரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். எல்லோருக்கும் தெரிந்தது. தீர்த்தகிரி வரப்பிலிருந்து எழுந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் நின்று நனைந்தார்.

கம்ப்ரசரை நிறுத்தியதும் சத்யபிரியா ஆராயியிடம் போனாள். ஆஸ்பத்திரி, சிம், மாற்றி வைத்த நம்பர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஆராயி கேட்டுவிட்டு, "கொழந்த இப்ப நல்லாருக்கா?" என்றாள்.

"நல்லாருக்கானுங்க. முந்தாநேத்து தாத்தா போனைத் தண்ணில போட்டுட்டான்."

"அப்ப அவன்தான் ஒங்கப்பாவ இங்க அனுப்பி வச்சிருக்கான்" என்று ஆராயி சிரித்தாள். "போனாப் போவுது வுடு. அந்த நம்பர் போனதுலதான் எனக்கு வேலூர்ல ஒரு பொண்ணு கெடச்சிது. ஒங்கப்பாகிட்ட இப்ப இருக்கற நம்பரச் சொல்லு."

மயில்சாமி தலையைத் துவட்டிக்கொண்டு, பழைய நம்பரைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதக் கம்பி பிரஷ்ஷைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது லாரியின் உள்ளே, நனையக் கூடாதென்று வேலைக்கு முன்பே அவர் கழற்றி வைத்த சட்டைக்குள் பட்டன் போன் மணியடித்தது. அன்று வெள்ளிக்கிழமை இல்லை. அவர் கூப்பிடவும் இல்லை. ஈரக் கையோடு ஓடிப்போய் எடுத்துப் பச்சைப் பட்டனை அமுக்கி இடது காதில் வைத்தார்.

"அலோ?"

"ஆத்தூர்ல இருந்து ஆராயி பேசறேங்க" என்றது போன். நான்கடி தள்ளி, தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆராயி நின்றிருந்தாள். முகத்தில் துளி சிரிப்பில்லை, அவ்வளவு பொறுப்பாகப் பேசினாள். "தண்ணி வந்துடுச்சிங்க. வந்தா போன் அடிக்கச் சொன்னீங்களே, அதான் அடிச்சேன்."

மயில்சாமி திரும்பி மகளைப் பார்த்தார். சத்யபிரியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"வாரேனுங் தாயி" என்றார் போனில். "இதா, வந்துட்டனுங்க."

"செரி, போன வச்சிட்டு வாங்க. ஒங்க புள்ளயையும் கூட்டிட்டு வாங்க. எல போட்டாச்சி, கோழிக் கொழம்பு ஆறுது."